குளியலறையை முழுவதுமாகப் பெயர்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்று எப்போது முடிவெடுப்பது?

புதுவாசல் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் உள்ள குளியலறையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டி இந்த இழையைத் தொடங்குகிறேன். வீடு கட்டியபோது பதித்த டைல்களும் குழாய்களுமே இன்றும் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கீழ் அறையின் கூரையில் மஞ்சள் நிறத்தில் ஈரக்கறை படர்ந்து, அதன் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. குளியலறைத் தரையில் இரண்டு டைல்கள் விரிசல் விட்டுள்ளன, டைல் இடுக்குகளை நிரப்பும் கலவையான கிரவுட் கறுத்து உதிர்ந்து வருகிறது, குளித்து முடித்த பிறகு ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது.

பார்வையிட வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், சுவர், தரை, குழாய் என எல்லாவற்றையும் உடைத்தெடுத்துப் புதிதாகச் செய்வதுதான் வழி என்கிறார். இன்னொருவர், எதையும் உடைக்க வேண்டாம், இடுக்குகளில் ஒரு ரசாயனத்தைப் பூசினால் கசிவு நின்றுவிடும் என்கிறார். இருவருமே எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. எதை வைத்து இந்த முடிவை எடுப்பது, நாங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் உண்டா என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


நீர்வழி (குழாய்ப் பணி):

வணக்கம். கூரையில் கறை தெரிவதாலேயே குளியலறை முழுவதையும் உடைக்க வேண்டும் என்று ஆகிவிடாது. அதே வேளையில், கறை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையாவது பூசி மறைப்பதும் தவறு. முதலில் கீழே இறங்கும் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று கண்டறிய வேண்டும். குளியலறையில் மூன்று வகையான தண்ணீர் இருக்கிறது: அழுத்தத்தோடு வந்துசேரும் குழாய்த் தண்ணீர், பயன்படுத்தியபின் வெளியேறும் கழிவுக் குழாய்த் தண்ணீர், தரையிலும் சுவரிலும் விழுந்து நிற்கும் தண்ணீர். இவை ஒவ்வொன்றும் கசியும் விதம் வேறு, அதற்கான வைத்தியமும் வேறு.

அழுத்தக் குழாயில் கசிவு இருந்தால் குளியலறையைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஈரம் குறையாது. வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு, ஓரிரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ அழுத்தக் குழாய் கசிகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடாக இருந்தால் மீட்டர் உதவாது. தொட்டிக்குள் வரும் நீரை நிறுத்திவிட்டு, உள்ளே நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, குளியலறைக்குச் செல்லும் வால்வைத் திறந்து ஓர் இரவும் மூடி ஓர் இரவும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். இதை உறுதிசெய்ய, குளியலறையின் குழாய் வலையைத் தனியே அடைத்து, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தைக் கைப்பம்பினால் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது பிளம்பர்களின் வழக்கம்.

கழிவுக் குழாயில் கசிவு இருந்தால் தண்ணீர் வெளியேறும் நேரத்தில் மட்டுமே கீழே ஈரம் கூடும். கைகழுவும் தொட்டியை அடைத்து நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டுக் கீழே பாருங்கள். பிறகு கழிப்பறையை மட்டும் பலமுறை ஃபிளஷ் செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே போதிய நேரம் விடுங்கள். தளத்தின் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து கீழே வர மணிக்கணக்கில் ஆகலாம். தண்ணீரில் ஏதேனும் நிறம் கலந்தால் எந்த வழியில் வருகிறது என்பது சில வேளைகளில் நேரடியாகவே தெரிந்துவிடும்.

இவை இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால், தரைக்கான நீர்த்தேக்கச் சோதனைக்குப் போகலாம். தரை வடிகாலின் வாயை மேலோட்டமாக மூடாமல், குழாய்க்குள் சற்றுக் கீழே செல்லும்படி அடைப்பானைப் பொருத்துங்கள். அப்போதுதான் வடிகாலும் தளமும் சேரும் விளிம்பும் சோதனைக்குள் வரும். வாசலில் சிறு தடுப்பு அமைத்து, தரையின் மேடான பகுதியும் மூழ்கும்படி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி முதல் 48 மணி நேரம் வரை விட்டுவைக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அகலமான பாத்திரத்திலும் தண்ணீர் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் குறைவது ஆவியாகிப் போனது. தரையில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தால் அது தளத்துக்குள் இறங்கியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை: 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. கீழ்க்கூரை தொய்ந்திருந்தாலோ, காரை பெயர்ந்து தொங்கினாலோ, தளம் மரத்தால் ஆனதாக இருந்து மிதிக்கும்போது உள்வாங்கினாலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அந்த நிலையில் சோதனையே தேவையில்லை. தளத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.


மட்டப்பலகை (டைல் பதிப்பவர்):

நீர்வழி ஐயா விளக்கமாக எழுதியிருக்கிறார். டைல் பக்கத்திலிருந்து என் கருத்தைச் சேர்க்கிறேன்.

குளியலறையில் தண்ணீரைத் தடுப்பது டைல் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். டைலில் தண்ணீர் புகாமல் இருக்கலாம், ஆனால் சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் கொண்டது; புதிதாகப் போட்ட நாளிலிருந்தே சிறிதளவு ஈரம் அதன் வழியாக உள்ளே போய்வந்துகொண்டுதான் இருக்கும். உண்மையில் தண்ணீரைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்பி அனுப்புவது டைலுக்குக் கீழே கலவைக்கு அடியில் இருக்கும் நீர்காப்புப் படலம். ஆகவே ‘முழுவதும் உடைக்க வேண்டுமா’ என்ற கேள்வி, அந்தப் படலம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விதான். படலம் நன்றாக இருக்கும்வரை மேலே உள்ள எந்தக் குறையும் பழுதுபார்ப்போடு முடிந்துவிடும். படலம் போய்விட்டாலோ, தொடக்கத்திலேயே போடாமல் விட்டிருந்தாலோ, மேலே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

மேலிருந்து பார்த்தே ஓரளவு அனுமானிக்க முடியும். மரக்கைப்பிடியாலோ நாணயத்தாலோ டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் டைல் மந்தமாகவும் திண்மையாகவும் ஒலிக்கும், அடியில் பிடிப்பு விட்ட டைல் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கும். ஈரமான இடங்களில் டைலின் அடிப்பரப்பில் 95 விழுக்காடாவது கலவை படிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. மூலைகளில் நான்கு பொட்டு வைத்து ஒட்டிய டைல்களில் அந்த வெற்றிடமே நீர்த்தேக்கமாகிவிடும். அங்குமிங்குமாக ஒன்றிரண்டு டைல்கள் இப்படி ஒலித்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். வடிகாலைச் சுற்றியோ, குளிக்கும் இடத்தின் கீழ்வரிசை முழுவதுமோ அப்படி ஒலித்தால் அடியில் கலவை நீண்ட காலமாக ஊறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

விரிசலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே டைலில் நட்சத்திரம்போலத் தெறித்த விரிசல் ஏதோ கனமான பொருள் விழுந்ததால் வந்தது. ஒரு டைலில் தொடங்கி அடுத்தடுத்த டைல்களிலும் நேர்கோடாக ஓடும் விரிசல், அடித்தளம் அசைவதால் வந்தது. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் அது வளர்கிறதா என்பது தெரியும். தண்ணீர் தேங்கும் மூலையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வடிகாலை நோக்கி வாட்டம், அதாவது சரிவு, இருக்க வேண்டும். வாட்டக் குறை ஒன்று மட்டும் இருந்தால் அவசரம் இல்லை; ஆனால் அதைக் கலவையைப் பெயர்க்காமல் சரிசெய்ய முடியாது என்பதால், மற்ற குறைகளோடு சேர்த்து எடைபோட வேண்டிய ஒன்று.


எளியவழி:

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. எங்கள் வீட்டிலும் கசிவு இருந்தது. டைல் இடுக்குகளைச் சுரண்டி எடுத்து எபாக்ஸி கிரவுட் நிரப்பி, சுவரும் தரையும் சேரும் மூலைகளில் புதிதாக சிலிகான் பூசினோம். கசிவு நின்றது, இதுவரை திரும்பவில்லை. ஒரு குளியலறையை உடைப்பது என்பது வீடு முழுவதும் தூசி, இடிபாடு, பல வாரங்கள் புழங்க முடியாத நிலை ஆகிய அனைத்தையும் ஏற்பதாகும். எளிய வழியை முதலில் முயன்று, அது தோற்ற பிறகு பெரிய வேலைக்குப் போவதில் என்ன தவறு? பழைய டைலின் மேலேயே புதிய டைல் ஒட்டும் முறையும் இருக்கிறதே?


கட்டுமானி (கட்டடப் பொறியாளர்):

எளியவழி அவர்களின் வீட்டில் கசிவுக்குக் காரணம் மூலையில் சிலிகான் பிளந்திருந்ததாகவே இருந்திருக்கலாம். சிலிகானின் ஆயுள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள்தான். அதைச் சுரண்டி எடுத்துப் புதுப்பிப்பது பராமரிப்பு, அந்த வேலையைச் செய்துபார்ப்பதில் யாருக்கும் இழப்பு இல்லை. என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அடியில் ஏற்கெனவே ஊறியிருக்கும் தளத்தின் மேல்வாயைக் கெட்டியாக அடைத்துவிட்டால், அந்த ஈரம் மேலே உலர வழியில்லாமல் கீழேயும் பக்கச் சுவர்களுக்குமே போகும். கசிவு நின்றதாகத் தோன்றும் அந்த இடைவெளியில் கான்கிரீட்டுக்குள் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை.

உள்ளே நடப்பது இதுதான். நல்ல கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது. அதன் காரகாடித்தன்மை எண் (pH) 12-க்கும் 13-க்கும் இடையே இருக்கும். அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஊடுருவி அந்தக் காரத்தை 9-க்குக் கீழே இறக்கிவிட்டால் காப்பு போய்விடும். அப்போது ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவத் தொடங்கும். துரு, தான் உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கம்பி வீங்கி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கூரையிலிருந்து காரைப் பாளங்கள் விழுவது இதனால்தான்.

ஆகவே கீழ்க்கூரையில் தெரியும் அடையாளங்களை நிறம் பார்த்துப் படிக்க வேண்டும். வெள்ளை உப்பு என்பது, தண்ணீர் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து, காற்று பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைத்தது. தளத்தின் வழியாகத் தண்ணீர் தொடர்ந்து நடந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. கம்பி கெட்டுவிட்டது என்பதற்குச் சான்று அல்ல. செம்பழுப்பு நிறக் கறை கம்பியின் திசையிலேயே கோடாக ஓடினால், அல்லது கம்பியை ஒட்டி விரிசல் தெரிந்தால், அது துருவின் வேலை. காரை பெயர்ந்து கம்பியே வெளியே தெரிந்தால் குளியலறைப் புதுப்பிப்பு என்ற பேச்சையே தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துத் தளத்தின் வலிமையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கூரைக்கு நேர்கீழே யாரும் படுக்க வேண்டாம்.

டைலின் மேல் டைல் ஒட்டுவதைப் பற்றி: அடியில் எல்லாம் உலர்ந்து கெட்டியாக இருந்தால் அது ஏற்கத்தக்க முறைதான். ஆனால் தரை மட்டம் உயர்வதால் வாசல்படியின் தடுப்பு குறைகிறது, வடிகாலின் வாயையும் உயர்த்த வேண்டியிருக்கிறது, தளத்தின் மீது எடை கூடுகிறது. கசிகிற தரையின் மீது அதைச் செய்தால் பிற்காலத்தில் கசிவைத் தேடுபவருக்கு இரண்டு அடுக்குகளைத் தாண்ட வேண்டியிருக்கும்.


எளியவழி:

விளக்கத்துக்கு நன்றி, கட்டுமானி ஐயா. கசிகிற தரையை மேலிருந்து மூடக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: நீர்த்தேக்கச் சோதனையில் தரை தேறிவிட்டால், டைல் பழையதாகிவிட்டது, நிறம் மங்கிவிட்டது என்பதற்காக நல்ல நீர்காப்புப் படலத்தை உடைத்தெறிய வேண்டாம். ஒருமுறை சரியாக அமைந்த படலத்தைக் கலைத்தால், புதிதாகச் செய்பவர் அதே அக்கறையோடு செய்வார் என்பதற்கு உறுதி இல்லை.


கட்டுமானி:

முழுமையாக உடன்படுகிறேன். ஆண்டுக்கணக்கைக் காட்டி உடைக்கச் சொல்பவரிடம், எந்தச் சோதனையின் அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.


மாடிப்படி:

இழையின் நடுவே ஒரு தொடர்புடைய கேள்வி. எங்கள் குளியலறையில் கசிவு ஏதும் இல்லை. ஆனால் சில நாட்களில் கழிவுநீர் நாற்றம் வருகிறது, கூரையின் மூலையில் கரும்பூசணம் பிடிக்கிறது, ஃபிளஷ் தொட்டியில் ஓயாமல் தண்ணீர் ஓடும் ஒலி கேட்கிறது. இவையும் முழுப் புதுப்பிப்புக்கான அறிகுறிகளா?


நீர்வழி:

இல்லை, மூன்றுக்குமே சிறிய தீர்வு உண்டு. வடிகாலுக்கு அடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வளைவான ட்ராப்பில் 50 மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாயு மேலே வராது. அதிகம் புழங்காத வடிகாலில் அது ஆவியாகி வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும். ஃபிளஷ் செய்யும்போது வடிகாலில் குளுகுளுவென்று ஒலி எழுந்து, அதன் பிறகு நாற்றம் வந்தால், கழிவுக் குழாய்க்குள் காற்று வந்துபோக வைத்த காற்றுக்குழாய் அடைபட்டு ட்ராப்பின் நீர் உறிஞ்சப்படுகிறது. தொட்டியில் நிறம் கலந்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துக் கழிப்பறைக் கோப்பையில் நிறம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அடியில் உள்ள ரப்பர் அடைப்பானை மாற்றினால் போதும்.

பூசணம் பெரும்பாலும் காற்றோட்டக் குறை. எக்ஸாஸ்ட் விசிறியின் குழாய் வெளிச்சுவர்வரை போகிறதா, பொய்க்கூரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். குளித்தபின் சிறிது நேரம் விசிறியை ஓடவிடுங்கள். துடைத்தும் அதே இடத்தில் மறுபடி மறுபடி பூசணம் வந்தால், அது கூரை மூலையில் இல்லாமல் சுவரின் அடிப்பகுதியில் இருந்தால், அப்போது சுவருக்குள்ளிருந்து ஈரம் வருகிறதா என்று சந்தேகிக்கலாம்.


கைத்தாங்கல் (முதியோர் பராமரிப்பு):

இதுவரை தண்ணீரைப் பற்றியே பேசப்பட்டிருக்கிறது. வீட்டில் உள்ளவர்களின் உடலும் இந்த முடிவில் சமமான இடம் பெற வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு துளிகூடக் கசியாத குளியலறை, முழங்கால் வலியோடு நடப்பவருக்கோ சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ நாள்தோறும் ஆபத்தாக இருக்கலாம். தரை வழுக்குவதும், உயர்ந்த படியைத் தாண்ட வேண்டியிருப்பதும், எழுந்திருக்கப் பிடிமானம் இல்லாததும் விழுவதற்கு நேரடிக் காரணங்கள்.

இவற்றில் சில உடைக்காமலே தீரும். திடமான செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருந்தால் கைப்பிடிக் கம்பிகளை இப்போதே பொருத்தலாம். தரையிலிருந்து 84 முதல் 92 சென்டிமீட்டர் உயரத்தில், 110 கிலோவுக்கு மேல் தாங்கும்படி இருக்க வேண்டும். துணி மாட்டும் கம்பி இதற்கு ஈடாகாது. அதைப் பிடித்து எழ முயன்றால் அது கையோடு வந்துவிடும். கழிப்பறையின் இருக்கை 43 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுவது எளிது. ஆனால் சக்கர நாற்காலி உள்ளே போக வாசலில் குறைந்தது 80 சென்டிமீட்டர் தடையற்ற அகலமும், உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடமும் வேண்டும். இதற்கு வாசலை அகலப்படுத்தவோ, படியை நீக்கித் தரையின் வாட்டத்தை முழுவதும் மாற்றவோ வேண்டியிருந்தால் நீர்காப்பும் புதிதாக அமைய வேண்டும். அதுவும் முழுப் புதுப்பிப்புக்கு நியாயமான காரணம்தான்.

புதுவாசல் அவர்களே, உங்கள் வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.


மின்காப்பு (எலக்ட்ரீஷியன்):

சுருக்கமாக ஒன்று. குளியலறையின் சுவிட்சையோ குழாயையோ தொடும்போது இலேசாக ஷாக் அடித்தால் புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மின்சாரத்தைத் துண்டித்துச் சரிபாருங்கள். கீசரின் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆர்சிசிபியை மின்பலகையில் பொருத்த எந்த டைலையும் உடைக்க வேண்டியதில்லை. எர்த் கம்பியே இழுக்காத பழைய வயரிங் சுவருக்குள் இருந்தால் மட்டும் அது உடைப்பு வேலையோடு சேர்கிறது.


புதுவாசல்:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நீர்வழி ஐயா சொன்ன வரிசையிலேயே சோதித்தோம். தொட்டியின் நீர்மட்டம் வால்வு திறந்திருந்தபோதும் மூடியிருந்தபோதும் மாறவில்லை. கைகழுவும் தொட்டியையும் கழிப்பறையையும் தனித்தனியே சோதித்தபோது கீழே ஈரம் கூடவில்லை. நீர்த்தேக்கச் சோதனையில் பாத்திரத்தில் குறைந்ததைவிடத் தரையில் தெளிவாகக் கூடுதலாகக் குறைந்தது. மறுநாள் கூரைக் கறை நனைந்து பெரிதாகியிருந்தது. தட்டிப் பார்த்ததில் வடிகாலைச் சுற்றியுள்ள டைல்களும், குளிக்கும் இடத்தின் கீழ்வரிசையில் சிலவும் வெற்றிடமாக ஒலிக்கின்றன. கூரையில் வெள்ளை உப்பு மட்டுமே. செம்பழுப்புக் கறையோ விரிசலோ இல்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் கைத்தாங்கல் அம்மா எழுதியதையும் கவனமாகப் படித்தோம். இப்போது என் கேள்வி: வடிகாலைச் சுற்றி மட்டும் உடைத்துச் சரிசெய்தால் போதுமா?


மட்டப்பலகை:

போதுமா என்பதை இன்னொரு சோதனை சொல்லிவிடும். வடிகாலைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, களிமண்ணாலோ புட்டியாலோ சிறு வரப்புக் கட்டுங்கள். வரப்புக்குள் உலர்ந்தே இருக்கட்டும், வெளியே மட்டும் தண்ணீர் நிறுத்துங்கள். தளம் ஏற்கெனவே ஊறியிருப்பதால், முந்தைய ஈரம் ஓரளவு உலரும்வரை அந்தக் குளியலறையில் குளிக்காமல் விட்டுவிட்டு, அதன் பிறகு செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய ஈரம் கீழே இறங்குவதைப் புதிய கசிவு என்று தவறாகக் கொள்ள நேரும். இப்போது கசிவு நின்றால் குறை வடிகாலின் கழுத்தில்தான். அங்கே மட்டும் திறந்து, பழைய படலத்தின்மேல் புதிய படலம் நன்றாக ஏறிப்படும்படி சேர்த்துவிடலாம். கசிவு நிற்காவிட்டால் தரை முழுவதும் படலம் போய்விட்டது.

அப்போதும் சுவர் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை என்ற நிலை ஒன்று உண்டு. குளிக்கும் பகுதியின் சுவர் டைல்கள் கெட்டியாக இருந்து, கீழ்வரிசை மட்டும் பிடிப்பு விட்டிருந்தால், தரையையும் சுவரின் கீழ் இரண்டு வரிசைகளையும் பெயர்த்து, தரைப் படலத்தைச் சுவரில் மேலேற்றி, பழையதோடு சேர்க்கலாம். பழைய சுவரில் சேர்ந்து பிடிக்கும் படலம் இருந்தால்தான் இது நிலைக்கும். ஆகவே முடிவெடுக்கும் முன், வெற்றிடமாக ஒலிக்கும் டைல் ஒன்றைத் தரையிலும் ஒன்றைச் சுவரிலும் பெயர்த்து உள்ளே பாருங்கள். எப்படியும் மாற்றப்போகிற டைல்கள்தான் அவை. ஒப்பந்தக்காரர்கள் இருவரையும் அப்போது அருகில் இருக்கச் சொல்லுங்கள்.


கட்டுமானி:

டைலைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு குறிப்பு. மிகப் பழைய கட்டடங்களில் வினைல் தரைத் தகடு, அதன் பசை, சிமெண்ட் தகட்டுச் சுவர் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்த இழைகளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குப் பெரும் கேடு. உடைக்கும்போதுதான் அவை காற்றில் கலக்கும். அப்படிப்பட்ட பொருள் இருந்தால் சிறு துண்டை ஆய்வகத்தில் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். புதுவாசல் அவர்களின் வீட்டில் பீங்கான் டைலும் சிமெண்ட் கலவையும் மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை. தூசிக்கு முகமூடி அணிந்தால் போதும்.


புதுவாசல்:

வரப்புக் கட்டிச் சோதித்தபோதும் கசிவு தொடர்ந்தது. தரையிலும் சுவரிலும் ஒவ்வொரு டைலைப் பெயர்த்துப் பார்த்தோம். தரையில் கலவை ஈர மண்போலக் கையோடு வந்தது. அதன் கீழே கான்கிரீட் வெறுமையாக இருக்கிறது. எந்தப் படலத்தின் தடமும் இல்லை. சுவரிலும் டைலுக்குப் பின்னால் நேராகப் பூச்சுதான். சுவரில் தெரிந்த குழாய் இரும்புக் குழாய், வெளியே துரு திட்டுத்திட்டாக இருக்கிறது, ஆனால் கசியவில்லை. குழாயை அப்படியே விட்டுவிடலாமா?


நீர்வழி:

விட வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் உட்பூச்சு கரைந்தபின் துரு உள்ளே படிந்து துளையைக் குறுக்கிக்கொண்டே வரும். உப்புச் செறிந்த தண்ணீரில் இது இன்னும் விரைவு. காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதா, இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். இன்று கசியாவிட்டாலும், அதன்மேல் புதிய படலமும் டைலும் வந்தபிறகு கசியத் தொடங்கினால் அத்தனையையும் மறுபடி உடைக்க வேண்டும். கழற்றும்போது பழைய இரும்போடு செப்புக் குழாயை நேராக இணைக்காதீர்கள். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று பட்டால் இரும்பு விரைவாக அரிக்கப்படும். சிபிவிசி போன்ற நெகிழிக் குழாயாக மாற்றினால் அந்தச் சிக்கல் இல்லை.


மட்டப்பலகை:

படலமே இல்லாத தரையும் சுவரும், ஊறிப்போன கலவையும், துருவேறிய குழாயும் ஒருசேர இருப்பதால், இனி இதில் ஐயமில்லை; முழுவதும் பெயர்த்துச் செய்ய வேண்டியதுதான்.


எளியவழி:

நானும் அதையே சொல்கிறேன். இந்த நிலையில் இடுக்குகளை அடைப்பது பயன் தராது.


புதுவாசல்:

வீட்டில் அனைவரும் கலந்து பேசி, முழுவதும் புதுப்பிப்பது என்று முடிவுசெய்துவிட்டோம். வாசல்படியைத் தாழ்த்தி, அம்மாவுக்குக் கைப்பிடிகளும் பொருத்தப் போகிறோம். வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும், எந்தெந்த இடத்தில் நாங்கள் நின்று பார்க்க வேண்டும் என்று சொன்னால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம்.


மட்டப்பலகை:

எல்லாவற்றையும் பெயர்த்து, கான்கிரீட் தெரியும்வரை சுத்தம் செய்தபின் அதை உலரவிடுங்கள். இங்கே பொறுமை காட்டாதவர்களின் வேலைதான் பெரும்பாலும் பழுதாகிறது. ஈரமான தளத்தின்மேல் பூசிய படலம் கொப்புளித்துக் கழன்றுவிடும். அந்த நாட்களில் கட்டுமானி ஐயா போன்ற ஒருவரை அழைத்துத் தளத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு குழாய்களும் மின்கம்பிகளும். சுவரை மூடும் முன் குழாய்க்கு அழுத்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குத் துளையிடும்போது அது தேவைப்படும்.

அடுத்து வாட்டம். அதன்மேல் நீர்காப்பு: தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக்கி, குழாய்கள் தளத்தைத் துளைக்கும் இடங்களில் வலைத்துணி வைத்து, இரண்டு பூச்சாக, ஒன்று நீளவாட்டிலும் மற்றொன்று குறுக்கிலுமாகப் பூச வேண்டும். சுவரில் சுற்றிலும் 15 சென்டிமீட்டராவது மேலேறட்டும். குளிக்கும் பகுதியில் ஆள் உயரத்துக்கு, ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் வரை போகட்டும். நீங்கள் வாசல்படியைத் தாழ்த்துவதால், படலம் வாசலைத் தாண்டி வெளித்தரைக்குக் கீழும் சற்று நீள வேண்டும், வாட்டமும் வாசலிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் அறைக்குள் வந்துவிடும்.

பூச்சு முழுமையாக இறுகியபின், டைல் பதிக்கும் முன், நீர்வழி ஐயா சொன்ன அதே நீர்த்தேக்கச் சோதனையை மறுபடி செய்யுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கீழே உலர்ந்திருந்தால்தான் அடுத்த தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கீழ்க்கூரைக்கு வெள்ளையடிப்பதைக் கடைசிவரை தள்ளிவையுங்கள். பழைய ஈரம் முற்றிலும் உலர்ந்து, உப்பைத் துலக்கி எடுத்தபின் மறுபடி பூக்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அடித்தால் போதும்.